நூலும் தாளும்: கைவேலைக்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோஷே (கொக்கி ஊசியால் பின்னுவது), நிட்டிங் (இரண்டு ஊசிகளால் பின்னுவது), ஒரிகாமி (தாளை மடித்து உருவம் செய்வது), குவில்லிங் (தாள் பட்டைகளைச் சுருட்டி ஒட்டுவது), கையால் தைத்த நோட்டுப் புத்தகம் என்று நூலிலும் தாளிலும் கை வைத்தவர்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்களும், தொடங்கிப் பாதியில் தயங்கி நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டே வரியில் பதில் போதும். சிலவற்றைக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

நூல் வேலை, தாள் வேலை இரண்டையும் ஒருவரே ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? ஒன்று போதாதா?

போதும். ஆனால் இரண்டும் வெவ்வேறு நேரத்துக்கு உரியவை. நூல் வேலையை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். குரோஷேவில் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி. அதைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டோ, ஓர் ஊக்கை மாட்டிவிட்டோ எழுந்து போகலாம். அரை மணி கழித்து வந்தாலும் சரி, அடுத்த மாதம் வந்தாலும் சரி, விட்ட இடத்திலேயே இருக்கும். தாள் அப்படிக் காத்திருக்காது. அதற்கு மேசை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், காற்று அடிக்கக் கூடாது, பசை காய்வதற்குள் கை வேலையை முடித்தாக வேண்டும். அதனால் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம், போனில் பேசும் நேரம், குழந்தை தூங்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் எல்லாம் நூலுக்கு. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைத்தால் அது தாளுக்கு. இரண்டும் தெரிந்தவருக்கு வீணாகும் நேரம் என்று அதிகம் இருப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பருத்தி நூலும் தாளும் அடிப்படையில் ஒரே பொருள், செல்லுலோஸ் என்ற தாவர இழைப்பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் தாள் பெரும்பாலும் பழைய பருத்தி, லினன் துணிகளிலிருந்துதான் செய்யப்பட்டது. மரக்கூழ் அதற்குப் பிறகு வந்தது. இழையை முறுக்கினால் நூல், தண்ணீரில் கலக்கிப் பரப்பிப் படியவைத்தால் தாள். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு இழுக்கலாம், நனைந்தால் என்ன ஆகும் என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், ஒன்றில் பழகிய கை மற்றொன்றிலும் சீக்கிரம் பழகிவிடும். கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்.

தினமும் செய்ய நேரம் எங்கே கிடைக்கிறது?

நேரம் இல்லாததைவிட, எடுத்து வைத்துத் தொடங்குவதற்கே நேரம் போய்விடுவதுதான் பெரிய தடை. அதைக் குறைத்துவிட்டால் கால் மணி நேரமும் கணக்கில் வரும். ஒரு சின்னத் துணிப்பையில் ஒரு நூல் உருண்டை, ஒரு ஊசி, சிறு கத்தரி, தையல் ஊசி, கண்ணி அடையாளம் வைக்க நாலைந்து ஊக்கு. எந்த வரிசையில் நிறுத்தினீர்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அதிலேயே போட்டுவிடுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பி விடுவதுதான் பல வேலைகள் பாதியில் கிடப்பதற்குக் காரணம்.

பைக்குள் வைக்கும் வேலை எளிதான வேலையாக இருக்கட்டும். எண்ணிக்கை பிசகினால் கெட்டுப்போகும் பூவேலையை வெளியே கொண்டுபோகாதீர்கள். ஒரே மாதிரி வரிசை வரிசையாகப் போகும் கழுத்துத்துண்டு, சதுரத் துண்டுகள் போன்றவைதான் பயணத்துக்கு ஏற்றவை.

தாள் வேலையிலும் முன்கூட்டியே முடித்து வைக்கக்கூடிய பகுதி நிறைய உண்டு. குவில்லிங் பட்டைகளைச் சுருட்டி டப்பாவில் சேர்ப்பது, ஒரிகாமிக்குச் சதுரங்கள் வெட்டி அடுக்குவது, நோட்டுக்குத் தாள்களை மடித்து வைப்பது எல்லாம் துண்டு நேரத்தில் ஆகும். ஒட்டுவதையும் தைப்பதையும் மட்டும் அமைதியான நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் எந்த நூல், எந்த ஊசி வாங்குவது?

நடுத்தரப் பருமன் நூல். சர்வதேச அளவில் பரவலாக உள்ள 0 முதல் 7 வரையிலான பருமன் அடையாளத்தில் இது 4. அதோடு 5 அல்லது 5.5 மி.மீ. குரோஷே ஊசி. வெளிர் நிறமாக, வழவழப்பாக, ஒரே வண்ணமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. பஞ்சு பஞ்சாக மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பிரித்தால் வராது. கற்றுக்கொள்ளும் காலத்தில் பிரிப்பதும் பின்னுவது அளவுக்கே நடக்கும்.

ஊசியை ஒரு செட்டாக வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஓர் அளவில் ஒன்று வாங்கிப் பழகுங்கள். நூல் வழுக்கினால் மூங்கில் அல்லது மர ஊசி பிடித்து நிறுத்தும். நூல் சொரசொரப்பாக நகர மறுத்தால் அலுமினிய ஊசி நல்லது.

லேபிளில் இவ்வளவு எழுதியிருக்கிறதே, எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு விஷயம்: எந்த இழை, எத்தனை கிராமுக்கு எத்தனை மீட்டர், எந்த ஊசி, சாயத் தொகுதி எண்.

எடையைவிட மீட்டர் கணக்குதான் முக்கியம். ஒரே 100 கிராம் உருண்டை ஒன்றில் 200 மீட்டரும் மற்றொன்றில் 400 மீட்டரும் இருக்கலாம். வடிவக்குறிப்பில் (எப்படிப் பின்னுவது என்று சொல்லும் எழுத்துக் குறிப்பு) சொன்ன நூலுக்குப் பதில் வேறு நூல் எடுப்பதென்றால், மொத்த மீட்டரைக் கணக்குப் போட்டு எடுங்கள்.

சாயத் தொகுதி எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே நிறப் பெயர், ஒரே நிற எண் இருந்தாலும் வெவ்வேறு தொட்டியில் சாயம் ஏறிய நூல்கள் இம்மி வேறுபடும். கடையின் வெளிச்சத்தில் தெரியாது. போர்வையாகப் பின்னி விரித்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் குறுக்கே ஒரு பட்டை போட்டதுபோலத் தெரியும். பெரிய வேலைக்கு ஒரு உருண்டை கூடுதலாகவே, அதே தொகுதியில் வாங்கிவிடுங்கள். வேறு தொகுதிதான் கிடைத்தது என்றால் பழையதில் ஒரு வரிசை, புதியதில் ஒரு வரிசை என்று சில அங்குலம் மாற்றி மாற்றிப் பின்னினால் மாற்றம் கண்ணில் படாது.

கம்பளி, பருத்தி, அக்ரிலிக்: எதை எதற்குப் பயன்படுத்துவது?

கம்பளி இழைக்கு மேலே மீன்செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு துணி சுருங்கி இறுகிவிடும். அதைத் திரும்பப் பழையபடி விரிக்க முடியாது. ‘சூப்பர்வாஷ்’ என்று போட்ட கம்பளியில் இந்தச் செதில்களை வேதிமுறையில் மழுக்கியோ, மேலே மெல்லிய பூச்சு கொடுத்தோ இருப்பார்கள். இயந்திரத்தில் துவைக்கலாம், ஆனால் நனைந்ததும் நன்றாகத் தொய்யும். கம்பளியின் பெரிய குணம் அதன் மீள்தன்மை. கண்ணிகள் கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தாலும் ஒரு முறை அலசி விரித்துக் காயவைத்தால் ஒழுங்காகிவிடும்.

பருத்தி இழுபடாது, நீரை உறிஞ்சும், கண்ணிகள் துலக்கமாகத் தெரியும். பாத்திரம் துடைக்கும் துணி, பை, பொம்மை, மேசை விரிப்பு எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் பிழையை மறைக்காது. பளபளப்பான பருத்தி நூல் என்று கிடைப்பது மெர்சரைஸ் செய்தது. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தும் முறைக்கு 1850-ல் காப்புரிமை பெற்றார். பதப்படுத்தும்போது நூலை இழுத்துப் பிடித்தால் பளபளப்பு வரும் என்பதைப் பிற்பாடு ஹோரேஸ் லோ கண்டுபிடித்தார். பூவேலைக்கும் லேஸுக்கும் அந்த நூல்தான் எடுப்பாக இருக்கும். துடைக்கும் துணிக்கோ சாதாரணப் பருத்திதான் சரி.

அக்ரிலிக் மலிவு, துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது. ஆனால் அது பிளாஸ்டிக் இழை, சூட்டில் உருகும். சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் துணியையோ, பாத்திரத்தின் அடியில் வைக்கும் தட்டையோ ஒருபோதும் அக்ரிலிக்கில் பின்னாதீர்கள். கையில் ஒட்டிக்கொண்டால் தீக்காயம் ஆழமாகும். அதற்குப் பருத்தி, அதுவும் இரட்டை அடுக்காக.

லேபிள் தொலைந்த நூல் என்ன இழை என்று தெரியவில்லையா? ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு எரித்துப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து தானே அணைந்தால் கம்பளி. தாள் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் செயற்கை இழை.

வடிவக்குறிப்பைப் பார்த்து அப்படியே பின்னினேன், உயரம் பாதிதான் வந்தது. ஏன்?

குறிப்பு அமெரிக்க முறையா, பிரிட்டன் முறையா என்று பாருங்கள். ஒரே கண்ணி வகைக்கு இரண்டிலும் பெயர் வேறு. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டனில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டனில் டிரெபிள். பிரிட்டன் முறையில் சிங்கிள் குரோஷே என்ற பெயரே கிடையாது. எனவே குறிப்பில் எங்காவது சிங்கிள் என்று வந்தால் அது அமெரிக்க முறை என்று முடிவு செய்துவிடலாம்.

வேலையைத் தொடங்கும் முன் அளவு பார்க்க மாதிரித் துண்டு பின்னுவது கட்டாயமா?

பொம்மைக்கும் பைக்கும் கழுத்துத்துண்டுக்கும் தேவையில்லை. உடம்பில் போடும் எதற்கும் கட்டாயம். கணக்கைப் பாருங்கள்: குறிப்பில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று இருக்கிறது, உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 18 கண்ணிதான் வருகிறது. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். 100 செ.மீ. சுற்றளவுக்கு 200 கண்ணி போட்டால் 111 செ.மீ. வந்து நிற்கும். ஸ்வெட்டர் தொளதொளவென்று தொங்கும்.

துண்டை 15 செ.மீ. சதுரமாகப் பின்னுங்கள். அலசி, காயவைத்து, நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் அளங்கள். ஓரக் கண்ணிகள் எப்போதும் பொய் சொல்லும். கண்ணி குறைவாக வந்தால் சிறிய ஊசி, அதிகமாக வந்தால் பெரிய ஊசி. கையை இறுக்கிப் பிடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இரண்டு வரிசைக்குப் பிறகு கை தன் வழக்கத்துக்கே திரும்பிவிடும்.

வட்டமாகப் பின்னினால் சில நேரம் கிண்ணம் மாதிரிக் குழிகிறது, சில நேரம் ஓரம் அலை அலையாக நெளிகிறது. என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்குள் ஒரு முழுக் கணிதம் இருக்கிறது.

சிங்கிள் குரோஷேவில் முதல் சுற்றில் 6 கண்ணி. அடுத்த சுற்று 12, பிறகு 18, 24, 30 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையாக வரும். ஏன் ஆறு? வட்டத்தின் ஆரம் ஒரு அளவு கூடினால் சுற்றளவு அதைப்போல 2π மடங்கு, அதாவது 6.28 மடங்கு கூடும். சிங்கிள் குரோஷேயின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கண்ணி. அமெரிக்க டபுள் குரோஷே ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், அதனால் அங்கே 12-ல் தொடங்கிப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்ட வேண்டும்.

வட்டம் குழிகிறது என்றால் கண்ணி போதவில்லை. ஏதோ ஒரு சுற்றில் கூட்டுவதை விட்டிருப்பீர்கள், அல்லது கை இறுக்கம். நெளிகிறது என்றால் கண்ணி அதிகம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணினால் அந்தச் சுற்றோடு பிடித்துவிடலாம். கூட்டும் இடங்களை எல்லாச் சுற்றிலும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் வட்டம் அறுகோணமாகத் தெரியத் தொடங்கும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அந்த இடத்தைத் தள்ளி வையுங்கள்.

இதே பிசகை வேண்டுமென்றே செய்தால் அழகான வடிவங்கள் கிடைக்கும். கூட்டாமல் விட்டால் குழாய். கூட்டி, சில சுற்று அப்படியே விட்டு, பிறகு ஆறு ஆறாகக் குறைத்தால் உருண்டை. பொம்மைத் தலைகள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. அளவுக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் ஓரம் மடிந்து மடிந்து பவளம் மாதிரி விரியும். கணிதத்தில் அதற்கு அதிபரவளையத் தளம் என்று பெயர். தாளில் ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துபோனதால், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டெய்னா டைமினா 1997-ல் அதைக் குரோஷேவில் பின்னிக் காட்டினார். மாணவர்கள் கையில் எடுத்து மடித்துப் பார்க்க முடிந்தது. மார்கரெட், கிறிஸ்டின் வெர்ட்ஹைம் சகோதரிகள் அந்த உத்தியை எடுத்துக்கொண்டு 2005-ல் பவளப்பாறைகளைக் குரோஷேவில் பின்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகின் பல ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்ந்து பின்னியிருக்கிறார்கள். கணக்குப் பிசகிய ஒரு வட்டத்தை நீங்கள் கையில் வைத்திருந்தால், பிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண் வைக்கலாமா?

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் கூடாது. பின்புறம் பூட்டு மாட்டும் கண்ணாக இருந்தாலும், பின்னல் தளர்ந்தால் அப்படியே வெளியே வந்துவிடும். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே தையுங்கள். பஞ்சு வெளியே தெரியாதபடி நூல் பருமனுக்குச் சொன்னதைவிடச் சிறிய ஊசியில் இறுக்கமாகப் பின்னுங்கள்.

பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கிறது. மறுபடி பயன்படுமா?

தாராளமாக. நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக எடுத்து, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் சுருள் போயிருக்கும். உருண்டையாகச் சுற்றும்போது விரல்களை உள்ளே விட்டுத் தளர்வாகச் சுற்ற வேண்டும். இழுத்துச் சுற்றிய நூல் நீண்டபடியே இருந்து, பின்னி அலசிய பிறகுதான் சுருங்கும்.

பின்னும்போது புரி புரியாக நூல் பிரிந்துகொண்டே வந்தால் முறுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். உருண்டையில் ஓர் ஊக்கைக் குத்தி நூல் அவிழாமல் நிறுத்தி, அந்தரத்தில் தொங்கவிடுங்கள். அதுவே சுழன்று தன் நிலைக்கு வந்து நிற்கும்.

சிக்கு விழுந்த நூலை எப்படி எடுப்பது?

நுனியை இழுக்காதீர்கள். மொத்தச் சிக்கையும் மேசையில் வைத்து, வெளிப்பக்கமாகத் தளர்த்திக்கொண்டே போங்கள். இறுகிய முடிச்சு என்று நாம் நினைப்பதில் பெரும்பாலானவை முடிச்சே அல்ல, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் வளையங்கள்தான்.

சேர்த்து வைத்த நூலைப் பூச்சி அரிக்கிறது. என்ன வழி?

அரிப்பது துணி அந்துப்பூச்சியின் புழு. அது தின்பது கம்பளியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தை, அதனால் கம்பளியும் கம்பளி கலந்த நூல்களும்தான் ஆபத்தில் இருக்கின்றன. பருத்தியையும் அக்ரிலிக்கையும் அது பொதுவாக நாடுவதில்லை. அழுக்கும் வியர்வையும் படிந்த கம்பளி அதற்கு இன்னும் பிடிக்கும். எனவே உள்ளே வைக்கும் முன் துவைத்து முழுக்கக் காயவையுங்கள், மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறுங்கள். சந்தேகமான நூலைக் காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 18 டிகிரியில் உள்ள உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படியும்.

கை வலிக்கிறது, தொடரலாமா?

அரை மணிக்கு ஒரு முறை நிறுத்துங்கள். மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கிறதா, தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். மெல்லிய உலோக ஊசியை இறுக்கிப் பிடிப்பதே பலருக்கு வலியின் காரணம், தடித்த பிடி உள்ள ஊசி உதவும். ஒரு நாள் நூல், மறுநாள் தாள் என்று மாற்றுவதும் நல்லது, ஏனென்றால் இரண்டிலும் உழைக்கும் தசைகள் வேறு. ஆனால் இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகிறது என்றால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதை ஓய்வால் மட்டும் சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள். கைதான் இந்த வேலைக்கு முதல்.

தாளில் ஜி.எஸ்.எம். என்பது என்ன?

ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே சாதாரண 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஒரிகாமிக்கு 60 முதல் 80 வரை, வாழ்த்து அட்டைக்கு 200-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபடப் பழகிவிட்டால் விரல் நுனியே எடை சொல்லும்.

அட்டையை மடித்தால் மடிப்பில் வெடிக்கிறது. தாள் தரமில்லையா?

தாள் நல்லதாகவே இருக்கலாம், நீங்கள் குறுக்கே மடிக்கிறீர்கள். இயந்திரத்தில் தயாராகும் தாளில், கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படிந்துவிடும். மரப்பலகைக்கு இருப்பதுபோலத் தாளுக்கும் ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு மழமழவென்று விழும். குறுக்கே மடித்தால் இழைகள் முறிந்து வெடிக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். தாளை மெதுவாக வளைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள், பிறகு மறுபக்கமாக வளைத்து அழுத்துங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்த மடிப்புக்கோட்டின் திசைதான் ஓட்டம். மெல்லிய தாளென்றால் கிழித்துப் பாருங்கள்: ஓட்டத்தோடு நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணலாகப் போகும்.

ஈரத்தில்தான் இதன் வலிமை தெரியும். தாள் நனைந்தால் ஓட்டத்துக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். நோட்டுப் புத்தகத்தில் தாளின் ஓட்டமும் அட்டையின் ஓட்டமும் முதுகுப்பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்று கட்டுவேலை தெரிந்தவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். மாறிப்போனால் பசை காயும்போது புத்தகம் முறுக்கிக்கொள்ளும், பக்கங்கள் படிந்து திறக்காது.

குறுக்கே மடித்தே ஆக வேண்டிய இடத்தில், இரும்பு ஸ்கேல் வைத்து மை தீர்ந்த பேனா முனையால் அழுத்தமாக ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். வெடிப்பு வெகுவாகக் குறையும்.

ஒட்டியதும் தாள் சுருங்கி நெளிகிறதே?

பசையில் உள்ள தண்ணீர்தான் காரணம். வெள்ளைப் பசையைத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிசாகத் தடவி, மேலே ஒரு சுத்தமான தாள் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் இரவு முழுக்க விடுங்கள். மெல்லிய தாளுக்கு பசைக்குச்சி போதும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அது அந்தப் பக்கமாக வளையும். மறுபக்கத்திலும் ஒன்று ஒட்டினால் இழுவை சமமாகிவிடும்.

குவில்லிங் தொடங்க என்ன வேண்டும்?

3 மி.மீ. அகலப் பட்டைகள், பிளவுள்ள ஊசி, நுனி கூர்மையான பசைப் புட்டி. அவ்வளவுதான். முதலில் ஒரே நீளப் பட்டையில் ஒரே அளவு வட்டங்கள் சுருட்டிப் பழகுங்கள். பூவின் இதழ்கள் ஒன்றுபோல இருப்பது கைத்திறனைவிட நீளத்தை அளந்து வெட்டுவதில்தான் இருக்கிறது. ஒட்டும் நுனியை வெட்டாமல் கையால் கிழித்தால் இழைகள் பிரிந்து, ஒட்டிய இடம் தெரியாது.

ஒரிகாமி படங்களில் உள்ள கோடுகள் புரியவில்லை.

சிறு கோடுகளாக வந்தால் உட்பக்கம் மடிப்பு, பள்ளத்தாக்கு மாதிரி. கோடும் புள்ளியுமாக வந்தால் வெளிப்பக்கம் மடிப்பு, மலை மாதிரி. இந்தக் குறியீட்டுக்கு அடித்தளம் போட்டவர் ஜப்பானின் அகிரா யோஷிசாவா, 1911 முதல் 2005 வரை வாழ்ந்தவர். எந்த மொழிக்காரரும் வார்த்தையே இல்லாமல் படத்தைப் பார்த்து மடிக்க முடிவது அந்த உழைப்பின் பலன். தடித்த தாளை லேசாக ஈரமாக்கி மடித்து, சிற்பம் மாதிரி வளைவுகள் கொண்டுவரும் முறையும் அவருடையதே.

ஒரு படி புரியவில்லை என்றால் அடுத்த படத்தைப் பாருங்கள். இந்தப் படியின் விடை அங்கேதான் இருக்கிறது. சதுரம் மி.மீ. பிசகாமல் வெட்டியிருந்தால்தான் கடைசி மடிப்பு சேரும்.

கத்தியால் வெட்டினால் ஓரம் பிசிறடிக்கிறது.

முனை மழுங்கியிருக்கிறது, மாற்றுங்கள். மழுங்கிய கத்திக்குத்தான் அதிக அழுத்தம் தேவை, கை வழுக்குவதும் அப்போதுதான். இரும்பு ஸ்கேல், அடியில் வெட்டு விரிப்பு, ஒரே இழுப்பில் அறுக்காமல் இரண்டு மூன்று லேசான இழுப்பு. ஸ்கேலைப் பிடிக்கும் விரல் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

செய்த ஆல்பம் மஞ்சளாகிவிட்டது. தடுக்க முடியுமா?

மரக்கூழில் மிஞ்சும் லிக்னின் (மர இழைகளைப் பிணைக்கும் பொருள்), தயாரிப்பில் சேரும் அமிலம் இரண்டும்தான் தாளை மஞ்சளாக்கி நொறுக்குகின்றன. புகைப்படமும் கடிதமும் வைக்கும் வேலைக்கு அமிலமற்ற தாள் வாங்குங்கள். ஐ.எஸ்.ஓ. 9706 என்று குறித்திருந்தால் நீண்டகாலம் தாங்கும் தாள். செய்தித்தாள் துண்டை நேரடியாக ஒட்டாமல், நகல் எடுத்து ஒட்டுங்கள். வெயில் படாமல் வைப்பது எல்லாவற்றிலும் முக்கியம்.

நூலும் தாளும் சேர்ந்த வேலை ஏதாவது உண்டா?

உண்டு, எல்லோரும் செய்து பார்க்க வேண்டியது கையால் தைத்த சிறு நோட்டு. எட்டுத் தாளை ஒன்றாக மடித்து, தடித்த தாளில் ஓர் உறை போட்டு, மடிப்பில் சம தூரத்தில் மூன்று துளை. துளையை முதலில் குத்தூசியால் உள்ளிருந்து வெளியே இடுங்கள். மெழுகு தடவிய லினன் அல்லது பருத்தி நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே போய், மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். இப்போது இரண்டு நுனிகளும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீள இழைக்கு இருபுறமும் அவற்றை வைத்து, மடிப்பின் திசையிலேயே இழுத்து இறுக்கி முடிச்சிடுங்கள். மடிப்புக்குச் செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும்.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய்த் தாளையே நூலாக்கினார்கள். வாஷி என்ற கைத்தாளை மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஈரமாக்கி உருட்டி, முறுக்கி நூலெடுத்து நெய்த துணிக்கு ஷிஃபு என்று பெயர். வாஷி செய்யும் கலையை யுனெஸ்கோ 2014-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்போது குரோஷேவுக்கென்றே தாள் நூல் விற்கிறார்கள். தொப்பிக்கும் கைப்பைக்கும் விறைப்பாக நிற்கும். இழுபடாது என்பதால் கையைத் தளர்த்திப் பின்ன வேண்டும்.

நன்றாகச் செய்கிறீர்களே, விற்கலாமே?

விற்கலாம், விற்காமலும் இருக்கலாம். விற்பதென்றால் நூல் விலையோடு மணிக்கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைகளில் நாம் பார்க்கும் குரோஷே உடைகள்கூட யாரோ ஒருவர் கையால் பின்னியவைதான். நிட்டிங்குக்கு இருப்பதுபோலக் குரோஷேவுக்குத் தொழிற்சாலை இயந்திரம் புழக்கத்தில் இல்லை. அதனால் கைக்கூலியைக் குறைத்துச் சொல்லும்போது நமக்கு மட்டுமல்ல, அந்த முகம் தெரியாத கைகளுக்கும் சேர்த்துக் குறைக்கிறோம். மனசுக்காகச் செய்பவர் அதை மனசுக்காகவே வைத்துக்கொள்வதிலும் ஒரு குறையும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் செய்து தர வேண்டிய கடமையும் கிடையாது. ‘இப்போது கையில் வேறு வேலை இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம், அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

பரிசாகக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது?

வாங்குபவர் அதை எப்படித் துவைப்பது என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு அங்குல அட்டைத் துண்டு, ஓரத்தில் ஒரு துளை, அதில் அதே நூலில் ஒரு கயிறு. ஒரு பக்கம் என்ன இழை, எந்தத் தண்ணீர், தொங்கவிட்டுக் காயவைப்பதா தட்டையாக விரிப்பதா என்று எழுதுங்கள். மறுபக்கம் இரண்டு மீட்டர் மிச்ச நூலைச் சுற்றி வையுங்கள். என்றைக்காவது ஒரு கண்ணி அறுந்தால் ஒட்டுப்போட அதே நிறம் வேறு எங்கும் கிடைக்காது.